ஒரு பாயிண்ட் சார்ஜ்!



போன தடவை இதே சுவரில் நான் எழுதிய கவிதையை எத்தனை பேர் படித்தீர்கள் என்று எனக்குத் தெரியும். மூன்று பேர். அதில் ஒருத்தன் கடைசி வரி வரைக்கும் படித்துவிட்டு, "கவிதை எங்கடா இருக்கு?" என்று என்னிடமே கேட்டான். அதனால் இந்தத் தடவை கவிதை இல்லை, பயப்படாம பக்கத்துல வாங்க. இது எங்க வீட்டுக் கதை. பாட்டு உண்டு, போன் உண்டு, கொஞ்சம் பிசிக்ஸ் உண்டு. கடைசியில் ஒரு மன்னிப்பும் உண்டு.

முதலில் எங்க வீட்டில் பாட்டுப் பாடும் சாமான்களை அறிமுகப்படுத்துகிறேன்.

முதலாமவர், தாத்தாவின் ரேடியோ. ரெண்டு பேட்டரிக் கட்டை போட்டால் பாடும். பாடாவிட்டால் தலையில் ஒரு தட்டு தட்டினால் பாடும். (இதே வைத்தியத்தைத் தாத்தா எனக்கும் செய்து பார்த்தார். நான் பாடவில்லை, அழுதேன்.)

இரண்டாமவர், என் டச் போன். கண்ணாடியில் விரிசல். ரீசார்ஜ் இருந்தால் உலகத்திலுள்ள எல்லாப் பாட்டும் அதில் இருக்கும். ரீசார்ஜ் முடிந்தால் முகம் பார்க்கலாம், அதுவும் விரிசல் விட்டுத்தான் தெரியும்.

மூன்றாமவர், அப்பாவின் பட்டன் போன். டார்ச் லைட், எஃப்.எம்., 4 ஜி.பி. மெமரி கார்டு, அதில் 'அன்னக்கிளி' காலத்திலிருந்து 'ரோஜா' காலம் வரைக்கும் எண்ணூறு பாட்டுக்குக் குறையாது. இளையராஜா வந்தது 1976, ஏ.ஆர்.ரஹ்மான் வந்தது 1992. அந்தப் பதினாறு வருஷத்தையும் அப்பா ஒரு நகம் அளவு கார்டில் அடக்கி வைத்திருக்கிறார். கடலுக்குப் போகும்போது பாலிதீன் பையில் சுற்றி, டிபன் பாக்ஸுக்குள் பூட்டி எடுத்துட்டுப் போவார்.

தாத்தாவுக்கு இந்த ரெண்டு போனும் பிடிக்காது. "பாட்டுன்னா அது இலங்கை வானொலிடா!" என்பார். அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கு. 1952-ல் இருந்து சில வருஷம் நம்ம ஆல் இந்தியா ரேடியோ சினிமாப் பாட்டுக்குக் கிட்டத்தட்ட கதவைச் சாத்தி வைத்திருந்தது. அந்த நேரத்தில் கொழும்பு ரேடியோவுக்குக் கொண்டாட்டம். 1957 அக்டோபர் 3-ந் தேதி விவித பாரதி ஆரம்பித்த பிறகுதான் நம்ம ரேடியோவில் சினிமாப் பாட்டுக்கு மரியாதை வந்தது. ஆனாலும் எங்க தீவில் இலங்கையை யாரும் விடவில்லை. பி.எச்.அப்துல் ஹமீத் நடத்திய 'பாட்டுக்குப் பாட்டு' என்றால் தாத்தா சோற்றுத் தட்டைக்கூடக் கீழே வைத்துவிடுவாராம்.

"வெளிநாட்டு ரேடியோ எப்படி தாத்தா இவ்வளவு சுத்தமா கேட்டுச்சு?" என்றேன். "கடல் கொண்டு வந்துச்சு" என்றார். நான் சிரித்தேன். பிறகு பன்னிரண்டாம் வகுப்பில் 'தரை அலைப் பரவல்' படித்தபோது வாயை மூடிக்கொண்டேன். மத்திய அலை பூமியை ஒட்டியே போகும். காய்ந்த மண் அதை விழுங்கிவிடும், உப்புத்தண்ணீர் மின்சாரத்தைக் கடத்துவதால் ரொம்பத் தூரம் போகவிடும். எட்டாம் வகுப்போடு நின்ற எங்க தாத்தா சொன்னது பொதுத்தேர்வுக்கு மூன்று மார்க் கேள்வி!

செல்போன் டவர் விஷயம் வேறு. அது நேர்கோட்டில் போகும், பூமி வளைந்ததும் கோட்டை விட்டுவிடும். 30 மீட்டர் டவர் என்றால் சுமார் 20 கிலோமீட்டர். உயரத்தை ரெட்டிப்பாக்கி 60 மீட்டர் வைத்தாலும் 28-தான் வரும் (2Rh-க்கு வர்க்கமூலம் போட்டுப் பாருங்க, சார் பார்த்தா சந்தோஷப்படுவார்). தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் நடுவில் சுமார் 30 கிலோமீட்டர். மரமோ மாடியோ மறைக்காது. அதனால்தான் அரிச்சல்முனையில் போய் நின்றால் சில நேரம் நம்ம போன் அக்கரை டவரைப் பிடித்துக்கொண்டு, இலங்கைக்கு வரவேற்கிறோம் என்று மெசேஜ் வாங்குகிறது. சென்னையிலிருந்து வந்த என் சித்தப்பா மகன், "டேய், பாஸ்போர்ட் இல்லாம ஃபாரின் வந்துட்டேன்டா!" என்று குதித்தான். குதித்த வேகத்தில் ஒரு செருப்பு கடலோடு போனது. அது இந்நேரம் நிஜமாகவே ஃபாரின் போய்ச் சேர்ந்திருக்கும்.

சரி, சிரித்தது போதும். அந்த 20 கிலோமீட்டருக்கு அங்கே என்ன இருக்கு? டவர் இல்லை. ஆனால் எங்க அப்பா இருக்கிறார். எங்க வகுப்பில் பாதிப் பேருடைய அப்பாக்கள் இருக்கிறார்கள்.

போன ஐப்பசியில் ஒரு ராத்திரி. என் டச் போனில் ரீசார்ஜ் முடிந்துவிட்டது. தூக்கம் வரல. அப்பாவின் போன் சார்ஜில் கிடந்தது. எங்க வீட்டில் ஒழுங்காக வேலை செய்யும் பிளக் பாயிண்ட் ஒண்ணே ஒண்ணுதான். நைசாகப் போனைக் கழற்றி, ஹெட்செட்டை மாட்டி, போர்வைக்குள் புகுந்தேன். ஒரே ஒரு பாட்டுதான் கேட்கணும்னு நினைத்தேன். சத்தியமா! ஆனால் ராஜா பாட்டு ஒண்ணோட நிற்குமா? கேட்டுக்கொண்டே தூங்கிப் போனேன். அது மட்டும் தூங்காமல் விடிய விடியப் பாடிக்கொண்டிருந்திருக்கிறது.

காலை மூன்று மணிக்கு அப்பா கடலுக்குக் கிளம்பினார். என் காதிலிருந்து ஒயரை மெதுவாக உருவியது அரைத் தூக்கத்தில் தெரிந்தது. திட்டவில்லை. போனைப் பார்த்திருப்பார். சார்ஜ் ஒரு பாயிண்ட்.

வழக்கமாகப் பதினொரு மணிக்கெல்லாம் வள்ளம் கரைக்கு வந்துவிடும். அன்றைக்கு நான் பள்ளிக்கூடம் விட்டு வந்தபோதும் வரவில்லை. வாடைக்காற்று ஊளையிட்டுக்கொண்டிருந்தது. அப்பத்தா வாசலில் உட்கார்ந்து வெற்றிலை இடிப்பதையே மறந்துவிட்டது. அம்மா போன் போட்டுக்கொண்டே இருந்தாங்க. 'தொடர்பு எல்லைக்கு அப்பால் இருக்கிறார்' என்று அந்த அம்மா சொல்லும்போதெல்லாம் எங்கம்மா ஒண்ணும் பேசல. மீனவர் வீட்டில் அது பழகின பதில். கடலில் இருக்கிறார் என்று அர்த்தம், அவ்வளவுதான்.

நாலே காலுக்குப் பதில் மாறியது. 'ஸ்விட்ச் ஆஃப் செய்யப்பட்டுள்ளது.'

அம்மா போனைக் கீழே வைத்துவிட்டாங்க. "எதுக்கு ஆஃப் பண்ணாக? அவுக ஒருநாளும் ஆஃப் பண்ண மாட்டாகளே... தண்ணியில விழுந்துருச்சா?" என்று கேட்டாங்க. எனக்கு மட்டும்தான் பதில் தெரியும். ஒரு பாயிண்ட். அதைச் சொல்ல வாய் வரவில்லை. அந்த ஒரு மணி நேரத்தில் நான் வேண்டாத சாமி இல்லை. கோயில், தர்கா, சர்ச் எதையும் மிச்சம் வைக்கவில்லை. இனிமேல் ஜென்மத்துக்கும் பாட்டே கேட்க மாட்டேன் என்றும் வேண்டிக்கொண்டேன். (இந்த வேண்டுதலை மட்டும் சாமி பெருந்தன்மையாக மறந்துவிடணும்.)

அஞ்சே காலுக்கு இன்னொரு வள்ளம் கயிறு கட்டி இழுத்துவர, அப்பாவுடைய வள்ளம் கரை சேர்ந்தது. இன்ஜின் விசிறியில் வலைக்கயிறு சுற்றிக்கொண்டதாம். கரை கண்ணுக்குத் தெரிய ஆரம்பித்து, டவர் கிடைத்ததும் வீட்டுக்குப் போன் போட்டிருக்கிறார். நம்பரை அமுக்கி முடிப்பதற்குள் போன் செத்துவிட்டது. அதுவரை 'அம்மாவுக்கு ஒரு வார்த்தை சொல்லணும்' என்று அந்த ஒரு பாயிண்டைக் காப்பாற்ற, காலையிலிருந்து டார்ச் அடிக்கவில்லை, வலை இழுக்கும்போது வழக்கமாகப் போடும் பாட்டும் போடவில்லையாம்.

அப்பா என்னைப் பார்த்தார். அடி விழும்னு கண்ணை மூடிக்கிட்டேன். அவர் கேட்டது ஒண்ணே ஒண்ணு:

"பாட்டு நல்லா இருந்துச்சாடா?"

அடித்திருக்கலாம்.

மறுநாள் இயற்பியல் சாரிடம் போய் நடந்ததைச் சொன்னேன். அவர் ஒரு விஷயம் விளக்கினார். போன் அணையும்போது 'நான் போறேன்' என்று டவருக்கு ஒரு தகவல் அனுப்பிவிட்டுத்தான் அணையுமாம். பெரும்பாலும் அப்போதுதான் 'ஸ்விட்ச் ஆஃப்' என்று பதில் வரும். டவரே கிடைக்காத இடத்தில் செத்தால் அந்தத் தகவல் போய்ச் சேராது. அதாவது எங்களை அழவைத்த அந்தப் பதிலுக்கு உண்மையான அர்த்தம், 'உங்க அப்பா டவர் கிடைக்கிற தூரத்துக்கு வந்துட்டார், கவலைப்படாதீங்க' என்பது! டவர் தேடித் தேடியும் பேட்டரி சீக்கிரம் தீரும் என்றும் சார் சொன்னார். குற்றத்தில் கொஞ்சம் பங்கு டவருக்கும் கிடைத்ததில் எனக்கு ஓர் அற்ப சந்தோஷம். ஆனால் பெரிய பங்கு எனக்குத்தான்.

பாம்பனில் மீனவர்களுக்காக 2016-ல் ஆரம்பித்த 'கடல் ஓசை' 90.4 எஃப்.எம். கேட்கும்போது, நல்ல பாட்டுக்கு நடுவில் காற்று வேகம், அலை உயரம் என்று சொல்ல வந்தால் முன்பெல்லாம் எனக்கு எரிச்சலாக இருக்கும். இப்போது பாட்டை விட்டுவிட்டு அதற்குத்தான் காதைக் கொடுக்கிறேன். நாம் படுத்துக்கொண்டு பாட்டுக் கேட்கும் அதே பெட்டியில்தான் யாரோ ஒருவர் வீடு வந்து சேரும் சேதியும் இருக்கிறது. ரெண்டுக்கும் பேட்டரி ஒண்ணுதான்.

இப்போது எங்க வீட்டில் புதுச் சட்டம். ராத்திரி எட்டு மணிக்கு அந்த ஒத்தப் பிளக்கில் முதலில் அப்பா போன். முழுசா ஏறிவிட்டதா என்று பார்ப்பது என் டியூட்டி. அதுவரைக்கும் தாத்தா பக்கத்தில் உட்கார்ந்து ரேடியோ கேட்கிறேன். அது கரகரத்தால் ரெண்டு பேரும் முறை வைத்துத் தட்டுகிறோம்.

அப்பா இந்தச் சுவர்ப் பக்கம் வர மாட்டார். அதனால்தான் தைரியமாக எழுதுகிறேன்: மன்னிச்சிருங்கப்பா. பாட்டு நல்லாத்தான் இருந்துச்சு. ஆனா நீங்க வந்து சேர்ந்தது அதைவிட நல்லா இருந்துச்சு.



– பன்னிரண்டாம் வகுப்பு 'ஆ' பிரிவு, மூன்றாவது பெஞ்ச், ஜன்னல் ஓரம்.

பின்குறிப்பு: உங்க வீட்டிலும் யாராவது கடலுக்குப் போகிறவர்கள் இருந்தால், இன்றைக்கு ராத்திரி அவர்கள் போனில் எத்தனை பாயிண்ட் என்று பார்த்துவிட்டுத் தூங்குங்கள். தமிழ் ஐயா, எழுத்துப்பிழை இருந்தால் பென்சிலால் மட்டும் சுழிக்கவும். மார்க்கர் வாங்கிய காசு என்னுடையது!