அம்மாவுக்கு ஒரு கேக், அதற்கு ஒரு காஸ்ட் ஷீட்

எங்க வீட்டில் நாலு பேர், ஆனால் பிறந்தநாள் மூணுதான். கணக்கு தப்பில்லை. (பி.காம் மூன்றாம் வருஷம் படிக்கிறேன், இந்த அளவுக்குக் கூட்டல் வரும்!) அப்பா, நான், தங்கச்சி மூணு பேருக்கும் உண்டு. அம்மாவுக்கு மட்டும் கிடையாது. பள்ளிச் சான்றிதழில் ஜூன் 1 என்று இருக்கிறது. தேதி தெரியாத பிள்ளைகளுக்கு ஸ்கூலில் சேர்க்கும்போது வாத்தியாரே போட்டுவிட்ட தேதி. பெரியம்மாவுக்கும் ஜூன் 1, மாமாவுக்கும் ஜூன் 1. அப்புறம் யாருக்கு நம்பிக்கை வரும்? அம்மா அதைக் கொண்டாடியதே இல்லை.

2025 கோடை லீவில் அம்மாச்சியிடம் சும்மா கேட்டுப் பார்த்தேன். "ஆடிப்பெருக்குக்கு மறுநாள் பொறந்தா. காவேரிக்குப் போயிட்டு வந்தேன், ராத்திரியே வலி எடுத்துருச்சு" என்று பட்டென்று சொல்லிவிட்டார். இத்தனை வருஷமாக யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. அவ்வளவுதான் விஷயம்! அந்த வருஷம் ஆடி 18, ஆகஸ்ட் 3-ல் வந்தது. அப்போ அம்மாவுக்கு ஆகஸ்ட் 4 என்று நானே முடிவு பண்ணினேன்.

பேக்கரியில் பழ க்ரீம் கேக் ஒரு கிலோ 750 ரூபாய் சொன்னார்கள். என்னிடம் இருந்தது 500. அதுவும் போக, அம்மா ஆடி மாசம் முழுக்க முட்டை தொடமாட்டார். ஆக, முட்டை இல்லாத கேக், வீட்டிலேயே.

இங்கே ஒரு குட்டிக் கதை. இங்கிலாந்தில் பர்மிங்காமில் ஆல்ஃபிரட் பேர்ட் என்று ஒரு மருந்துக்கடைக்காரர் இருந்தார். அவர் மனைவிக்கு முட்டையும் ஒத்துக்கொள்ளாது, ஈஸ்ட்டும் ஒத்துக்கொள்ளாது. அதனால் மனிதர் 1837-ல் முட்டை இல்லாத கஸ்டர்ட் பவுடரையும், 1843-ல் ஈஸ்ட் இல்லாமல் மாவை உப்ப வைக்கிற பேக்கிங் பவுடரையும் செய்தார். மனைவிக்காக அவர் இவ்வளவு செய்தபோது, அம்மாவுக்காக நான் ஒரு கேக் கூடச் செய்யாவிட்டால் எப்படி?

அவன் இல்லை. குக்கர்தான். கேஸ்கட்டையும் வெயிட்டையும் கழற்றிவிட்டு, அடியில் ரெண்டு டம்ளர் கல் உப்பு பரப்பி, அதன்மேல் ஒரு ஸ்டாண்ட் வைத்துப் பத்து நிமிஷம் சூடாக்கினேன். 200 கிராம் மைதா, ஒரு டின் கன்டென்ஸ்டு மில்க், 100 கிராம் வெண்ணெய், கொஞ்சம் பால், பேக்கிங் பவுடர், ஆப்பசோடா. சிறுதீயில் 50 நிமிஷம். நம்ப மாட்டீர்கள், உப்பிவிட்டது!

சோதனை க்ரீமில் வந்தது. கடையில் 'ஃப்ரெஷ் க்ரீம்' பாக்கெட் வாங்கி, நண்பன் வீட்டு பீட்டரை (ஆள் இல்லைங்க, மெஷின்) வைத்து அரை மணி நேரம் அடித்தேன். மோர் மாதிரியே நின்றது. அப்புறம்தான் பாக்கெட்டைத் திருப்பிப் படித்தேன், கொழுப்பு 25%. க்ரீம் நுரைத்து நிற்க 30 சதவீதத்துக்கு மேல் கொழுப்பு வேண்டுமாம். தங்கச்சியிடம் 50 ரூபாய் குறுகிய காலக் கடன் வாங்கிக்கொண்டு, ராத்திரி எட்டு மணிக்கு சைக்கிளை மிதித்துப் போய் விப்பிங் க்ரீம் வாங்கிவந்தேன்.

அன்னாசிப் பழத்தைப் பச்சையாகப் போடாதீர்கள். அதிலுள்ள என்ஸைம் பால் புரதத்தை உடைத்துவிடும், க்ரீம் கசந்து நீர்த்துப் போகும். சர்க்கரைத் தண்ணீரில் கொதிக்கவிட்டால் அது அடங்கிவிடும். அந்தப் பாகையே கேக் மேல் தெளித்துக்கொள்ளலாம்.

அடுத்து, கேக்கைக் குறுக்கே மூணு அடுக்காக வெட்ட வேண்டும். கத்தியை வைத்ததும் ஓரம் பொலபொலவென்று உதிர ஆரம்பித்தது. அம்மா வந்து எட்டிப் பார்த்தார். "யாருக்குடா?" "ஃப்ரெண்டுக்கும்மா." ஒன்றும் பேசாமல் போய் தையல் மெஷினிலிருந்து நூல் எடுத்து வந்தார். கத்தியால் சுற்றிலும் லேசாகக் கீறி, அதில் நூலைச் சுற்றி, ரெண்டு முனையையும் மாற்றிப் பிடித்து இழுத்தார். தட்டு மாதிரி மூணு அடுக்கு! "நல்லா பண்ணுடா, அந்தப் பிள்ளை சந்தோஷப்படும்" என்று சொல்லிவிட்டு, பாதி தைத்த ஜாக்கெட்டைத் தைக்கப் போய்விட்டார்.

ராத்திரி பழக்க தோஷத்தில் காஸ்ட் ஷீட் போட்டேன். மைதா 12, கன்டென்ஸ்டு மில்க் 145, வெண்ணெய் 60, விப்பிங் க்ரீம் 120, அன்னாசி, மாதுளை, திராட்சை 110, மற்றவை 30. மொத்தம் 477. வீணாய்ப் போன க்ரீம் 70 ரூபாய் அப்நார்மல் லாஸ். அது கேக்கின் அடக்க விலையில் சேராது, காஸ்டிங் லாப நஷ்டக் கணக்குக்குப் போய்விடும். என் கூலி பூஜ்யம். அம்மா நூலால் வெட்டிக் கொடுத்ததற்கு?

வீட்டில் சம்பளமில்லாமல் செய்கிற வேலை தேசிய வருமானத்தில் சேராது. ஒருவர் தன் வீட்டு வேலைக்காரியையே கல்யாணம் பண்ணிக்கொண்டால் நாட்டின் வருமானம் குறைந்துவிடும் என்று பிகு என்ற பொருளாதார நிபுணர் 1920-லேயே எழுதியிருக்கிறார். பரீட்சையில் இதை எழுதி அஞ்சு மார்க்கும் வாங்கியிருக்கிறேன். அது எங்க வீட்டு அடுப்படியைப் பற்றியது என்று அன்று ராத்திரிதான் உறைத்தது. இருபது வருஷத்துக்கு மேல் நாங்கள் தின்ற சோற்றுக்கு எந்தக் கணக்கிலும் வரவு வைக்கவில்லை. பிறந்த தேதியைக்கூட யாரோ ஒரு வாத்தியார் போட்டதை அப்படியே விட்டுவிட்டோம்.

காலையில் ஃபிரிட்ஜைத் திறந்த அம்மா, கேக் மேல் தன் பெயரைப் பார்த்துவிட்டு, "எனக்கு ஜூன்ல தானடா?" என்றார். அம்மாச்சிக்கு போன் போட்டுக் கொடுத்தேன். ரொம்ப நேரம் "ம்... ம்..." என்று மட்டும் கேட்டுக்கொண்டிருந்தார். போனை வைத்துவிட்டு முகத்தைக் கழுவப் போய்விட்டார்.

வெட்டி, முதல் துண்டை வாயில் போடும் முன்னால், "முட்டை போடலையே?" என்று கேட்டார். இல்லை என்றேன். சாப்பிட்டு முடித்துவிட்டு, "அடுத்த வருஷம் சர்க்கரையைக் கொஞ்சம் குறைச்சுப் போடு" என்றார்.

அடுத்த வருஷம்! எனக்கு அது போதும். உங்க வீட்டிலும் அம்மாவுக்கு ஜூன் 1 என்றால், ஆச்சியோ பாட்டியோ இருக்கும்போதே ஒரு வார்த்தை கேட்டு வையுங்கள்.