காப்பி அடிப்பவர்கள்தான் காப்பாற்றுகிறார்கள்!

"சொந்தமா ஒரு ட்யூன் போடத் தெரியாது, அடுத்தவன் பாட்டை வாசிச்சுக் காசு பாக்குறாங்கப்பா..."

கச்சேரிக் குழுக்களைப் பற்றி எல்லா ஊரிலும் சொல்லப்படும் வசனம் இது. தேர்வாய் கண்டிகை, கும்மிடிப்பூண்டி பக்கம் ஆடி மாத அம்மன் திருவிழாவில் வாசிக்கும் ஆர்கெஸ்ட்ராவுக்கும் இதே பேச்சுதான். வெளிநாட்டில் பிங்க் ஃப்ளாய்ட் பாடல்களை மட்டுமே வாசிக்கும் ட்ரிப்யூட் பேண்டுக்கும் இதே பேச்சுதான். இந்தப் பேச்சில் நியாயம் இருக்கிறதா?

முதலில் வெளிநாட்டுச் சமாச்சாரம். 1970-களில் ப்ராக்ரஸிவ் ராக் என்றொரு வகை இங்கிலாந்தில் கொடிகட்டிப் பறந்தது. மூன்று நிமிடப் பாட்டு என்ற கணக்கையே தூக்கிப் போட்டுவிட்டார்கள். ஜெனிஸிஸ் குழு 1972-ல் வெளியிட்ட 'சப்பர்ஸ் ரெடி' ஏறக்குறைய 23 நிமிடம். அதே வருடம் ஜெத்ரோ டல் குழு இசைத்தட்டின் இரண்டு பக்கத்துக்கும் சேர்த்து ஒரே பாட்டைப் போட்டது! தாளமும் நாலு நாலாக நடக்காது. பிங்க் ஃப்ளாய்டின் 'மணி' ஏழு எண்ணிக்கையில் ஓடும். நம்ம ஊர் தவில்காரரிடம் சொன்னால் "மிஸ்ரம்தானே" என்று சிரிப்பார் :-) ராக் இசைக்கு அது புதுசு.

இதையெல்லாம் முதலில் வாசித்தவர்கள் பலர் இன்று இல்லை. பிங்க் ஃப்ளாய்டின் ரிச்சர்ட் ரைட் 2008-ல் போனார். யெஸ் குழுவின் க்ரிஸ் ஸ்கொயர் 2015-ல். கீத் எமர்சனும் க்ரெக் லேக்கும் 2016-ல். ரஷ் குழுவின் நீல் பியர்ட் 2020-ல். இசைத்தட்டு இருக்கிறது, சரி. மேடையில் யார் வாசிப்பது?

அங்கேதான் "காப்பி அடிப்பவர்கள்" வருகிறார்கள். ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் 1988-ல் தொடங்கிய ஒரு குழு பிங்க் ஃப்ளாய்ட் பாடல்களை மட்டுமே வாசித்தது. 1996-ல் டேவிட் கில்மர் தன் ஐம்பதாவது பிறந்த நாளில் வாசிக்க அவர்களையே கூப்பிட்டார். இன்னொரு கதை இதைவிட சுவாரஸ்யம். 2008-ல் யெஸ் குழுவின் பாடகர் ஜான் ஆண்டர்சனுக்கு உடம்பு முடியாமல் போனது. அவர் இடத்துக்கு வந்தவர் பெனுவா டேவிட். கனடாவில் யெஸ் பாடல்களைப் பாடும் ஒரு ட்ரிப்யூட் பேண்டின் பாடகர்! 2012-ல் அவருக்குப் பதிலாக வந்த ஜான் டேவிசனும் அப்படியொரு குழுவில் பாடியவர்தான். நகல் என்று சொல்லப்பட்டவர்கள் அசல் குழுவுக்கே ஆள் கொடுத்தார்கள்.

இது அங்கே மட்டும் நடந்ததா? இல்லை, நம்மிடம் அதற்கு முன்பே நடந்தது. இளையராஜா படத்துக்கு இசையமைக்க வருவதற்கு முன், அண்ணன் பாவலர் வரதராஜனின் குழுவில் ஊர் ஊராகப் போய் வாசித்தவர். எஸ்.பி.பி. ஆரம்ப காலத்தில் நடத்திய மெல்லிசைக் குழுவில் இளையராஜா, பாஸ்கர், கங்கை அமரன் மூவரும் இருந்தார்கள். 1976-ல் 'அன்னக்கிளி' வந்தது. பிறகு என்ன ஆச்சு? அதே ராஜாவின் பாடல்கள் அடுத்த தலைமுறை ஆர்கெஸ்ட்ராக்காரர்களுக்குப் பரீட்சை ஆகிவிட்டன. 'இளைய நிலா' கிடாரை வாசிக்கத் தெரிந்தால்தான் கிடாரிஸ்ட் என்று ஊர் ஒத்துக்கொள்ளும். நோட்ஸ் கிடையாது. கேசட்டைத் திரும்பத் திரும்பப் போட்டுக் காதால் பிடிக்க வேண்டும். வயலின் கூட்டம் வாசித்ததை ஒரே கீபோர்டில் கொண்டுவர வேண்டும்.

தேர்வாய் கண்டிகை சிப்காட்டில் டயர் ஆலை இருக்கிறது, இன்னும் பல ஆலைகள் இருக்கின்றன. இதுபோன்ற ஆலையில் அப்ரண்டிஸாகச் சேரும் ஐ.டி.ஐ. பையன் என்ன செய்கிறான்? சீனியர் கை போவதைப் பார்த்து அப்படியே செய்கிறான். அதை யாராவது காப்பி என்கிறார்களா? தொழில் பழகுகிறான் என்கிறோம். கையால் செய்யும் எந்த வேலையும் அப்படித்தான் ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குப் போகிறது. இசைக்கு மட்டும் ஏன் வேறு சட்டம்?

இப்போது பிரச்சினை வேறு இடத்தில். விழாக் கமிட்டி கணக்குப் பார்க்கிறது. முழு ஆர்கெஸ்ட்ரா என்றால் பதினைந்து பேருக்குச் சம்பளம், வேன், சாப்பாடு. கரோக்கி ட்ராக் என்றால் இரண்டு பாடகர்கள், ஒரு லேப்டாப், முடிந்தது. இரவு ஷிப்ட் முடித்து வந்து நிற்பவருக்குப் பாட்டு கேட்டால் போதும், யார் வாசித்தால் என்ன? கமிட்டியைக் குறை சொல்லவும் முடியாது, வசூலிக்கும் பணத்துக்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள் அவர்கள்.

ஆனால் பி.காம். முதல் வருடப் பாடம் ஒன்று இருக்கிறது. வருவாயினச் செலவு வேறு, மூலதனச் செலவு வேறு. அந்த ஆண்டோடு பலன் முடிந்துபோனால் முதல் வகை. பல ஆண்டுகளுக்குப் பலன் தந்தால் இரண்டாவது. தபேலாக்காரருக்கும் பேஸ் கிடாரிஸ்டுக்கும் கொடுக்கும் சம்பளத்தை எல்லோரும் முதல் வகையில் எழுதுகிறோம். உண்மையில் அது இரண்டாவது வகை. மேடைக்குக் கீழே நின்று அந்தக் கிடாரிஸ்டின் விரலையே பார்த்துக்கொண்டிருக்கும் பொடியன் ஒருவன் எல்லாக் கச்சேரியிலும் இருப்பான். லேப்டாப்பில் அவன் பார்ப்பதற்கு என்ன இருக்கிறது?

ஆர்கெஸ்ட்ராவில் வாசிக்கும் எல்லோரும் இசையமைப்பாளர் ஆகப் போவதில்லை. ஆக வேண்டியதும் இல்லை. கஷ்டமான ஒரு இசையைக் கையால் வாசிக்கத் தெரிந்தவர்கள் ஊருக்கு நாலு பேர் இருந்தால்தான் அதிலிருந்து ஒருவர் வெளியே வருவார்.

உங்கள் ஊர்த் திருவிழாவில் அடுத்த முறை கமிட்டி கூடும்போது யாராவது இதை எடுத்துச் சொல்லிப் பாருங்களேன்!