வல்லத்துப் பீங்கான் கடிகாரம்

செஞ்சிக்குப் போய் வந்தவர்களைக் கேட்டால் எல்லோரும் கோட்டையைப் பற்றித்தான் சொல்வார்கள். நானும் கோட்டையைப் பார்க்கத்தான் போனேன். ஆனால் ஊர் திரும்பிய பிறகும் என் காதில் கேட்டுக் கொண்டிருப்பது என்னவோ ஒரு கடிகாரத்தின் சத்தம்!

செஞ்சியை அடுத்த வல்லத்தில் என் அத்தை இருக்கிறாள். காலையில் அவள் வீட்டில் போய் இறங்கினேன். கூடத்து அலமாரியின் மேல், பஞ்சாங்கத்துக்குப் பக்கத்தில், அந்தக் கடிகாரம் உட்கார்ந்திருந்தது. ஒரு முழ உயரம் இருக்காது. உடம்பு முழுவதும் பீங்கான். ஓரமெல்லாம் கரும்பச்சை, நடுவில் ரோஜாக் கொத்து, விளிம்பில் பொன் கோடு. முட்கள் 5-15-ல் நின்று போயிருந்தன.

"மாமாவோட தாத்தா பாண்டிச்சேரியிலே வாங்கினதாம். பொங்கலுக்கு வெள்ளை அடிக்கும்போது இறக்கி வச்சோம். அதிலேருந்து ஓடலை. காரைக்குடி வியாபாரி ஒருத்தர் விலை கேட்டுட்டுப் போயிருக்கார். நாளைக்குக் காலையிலே வர்றார். கொடுத்துட்டா, ஒழுகற இடத்துலே ஓடாவது மாத்தலாம்" என்றாள் அத்தை.

காரைக்குடி முனீசுவரன் கோயில் தெருவுக்குப் போனவர்களுக்குத் தெரியும். செட்டிநாட்டு வீடுகளிலிருந்து வந்த தூண், கதவு, பீங்கான் ஜாடி, கடிகாரம் எல்லாம் அங்குள்ள கடைகளில் அடுக்கி வைத்திருப்பார்கள். யார் வீட்டுப் பொருள், யார் கல்யாணத்துக்கு வாங்கியது என்ற சமாசாரம் மட்டும் அங்கே கிடைக்காது.

கடிகாரத்தை மெல்லத் திருப்பிப் பார்த்தேன். பீங்கானில் 'ராயல் பான்' என்ற முத்திரை. முகப்பில் 'ஆன்ஸோனியா' என்ற பெயர். கூடு ஜெர்மனியில், ரைன் நதிக் கரையில் உள்ள பான் நகரத்தில் செய்தது. உள்ளே இருக்கும் யந்திரமோ அமெரிக்காவில், நியூயார்க்கைச் சேர்ந்த புரூக்ளினில் செய்தது. ஜெர்மன் பெண்ணுக்கு அமெரிக்க மாப்பிள்ளை! ஆன்ஸோனியா கம்பெனி 1929-ல் தன் யந்திர சாதனங்களை சோவியத் ரஷ்யாவுக்கு விற்றுவிட்டது. ஆகவே இந்த ஜோடிக்கு ஏறக்குறைய நூறு வயதாவது இருக்கும்.

மேல்நாட்டில் குளிர் காய்வதற்குச் சுவரோடு சேர்த்துக் கணப்பு கட்டுவார்கள். அதன் மேல்பலகையில் வைப்பதற்காகச் செய்த கடிகாரம் இது. செஞ்சி வெயிலில் கணப்பு எதற்கு? ஊரே கணப்புதான்!

களிமண்ணை அச்சில் வார்த்து, சுட்டு, மெருகு பூசி மறுபடியும் சுடுவார்கள். அதன் மேல் வர்ணம் தீட்டி இன்னொரு சூளை. கடைசியில் பொன் கோட்டுக்காக இளஞ்சூட்டில் மற்றொரு சூளை. பல கடிகாரங்களில் பூவின் கோடு அச்சில் பதித்தது. உள்ளே நிரப்பிய வர்ணந்தான் கைவேலை. பூதக்கண்ணாடியில் பொடிப் புள்ளிகள் தெரிந்தால் அச்சு. தூரிகையின் இழுப்புத் தெரிந்தால் கை. அத்தை வீட்டு ரோஜாவில் ஓர் இதழின் சிவப்பு, கோட்டைத் தாண்டி வழிந்திருந்தது. எங்கேயோ ஒரு கை அன்றைக்குக் கொஞ்சம் அவசரப்பட்டிருக்கிறது!

மாலையில் கோட்டைக்குப் போனேன். ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்று மூன்று மலைகளையும் வளைத்துக் கட்டிய கோட்டை. 1677-ல் சிவாஜியிடம் இருந்தது; 1750-ல் பிரெஞ்சுக்காரரிடம் விழுந்தது; 1761-ல் ஆங்கிலேயர் பிடித்தார்கள். 2025 ஜூலையில் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலிலும் இடம் பெற்றுவிட்டது.

வேங்கடரமணர் கோயிலுக்குள் நுழைந்தபோதுதான் மனசு என்னவோ செய்தது. பாண்டிச்சேரிக் கடற்கரையில் காந்தி சிலையைச் சுற்றி உயரமான கல்தூண்கள் நிற்கின்றனவே, பார்த்திருப்பீர்கள். அவை செஞ்சியிலிருந்து பிரெஞ்சுக்காரர் கொண்டு போனவை. அங்கேயும் அழகாகத்தான் நிற்கின்றன. ஆனால் தாங்குவதற்குத்தான் ஒன்றும் இல்லை. அத்தை வீட்டு அலமாரி என் கண்முன் வந்து நின்றது.

இருட்டுவதற்குள் வல்லம் திரும்பினேன். "அத்தை, சாவி இருக்கிறதா?" என்று கேட்டேன். திரிநூல் டப்பாவிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். முகப்பில் இரண்டு துளைகள். ஒன்று ஓடுவதற்கு, ஒன்று மணி அடிப்பதற்கு. இரண்டுக்கும் சாவி கொடுத்து, பெண்டுலத்தை லேசாகத் தள்ளிவிட்டேன். 'டிக்-டக்... டிக்-டக்...' என்று நொண்டியது. சற்று நேரத்தில் நின்றும் போயிற்று.

நோய் கடிகாரத்துக்கு இல்லை, அலமாரிக்கு! வெள்ளை அடித்து நகர்த்தியதில் அது ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. பழைய கல்யாணப் பத்திரிகை ஒன்றை மடித்துக் கடிகாரத்தின் காலடியில் கொடுத்தேன். 'டிக், டக், டிக், டக்' என்று ஒரே சீராக ஓட ஆரம்பித்தது. பெரிய முள்ளை மெல்ல முன்பக்கமாகவே திருப்பி, ஒவ்வொரு மணியையும் அடிக்க விட்டு, சரியான நேரத்தில் நிறுத்தினேன். 7 மணி அடித்தபோது அத்தை அடுப்படியிலிருந்து ஓடி வந்தாள். "மாமா இருந்தப்போ கேட்டது" என்றாள். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை.

உங்கள் வீட்டில் இப்படி ஒன்று இருந்தால் சில விஷயங்களில் ஜாக்கிரதையாக இருங்கள். புளி, சாம்பல், சோப்புத்தூள் எதுவும் போட்டுத் தேய்க்க வேண்டாம். பொன் கோடு போய்விடும். மெல்லிய பிரஷ்ஷால் தூசி தட்டினால் போதும். இடம் மாற்றும்போது பெண்டுலத்தைக் கழற்றிவிடுங்கள். எட்டு நாள் ஓடும் கடிகாரமானால் வாரம் ஒரு முறை, ஒரே கிழமையில் சாவி கொடுங்கள்.

மறுநாள் காலை வியாபாரி வந்தார். கடிகாரம் ஓடுவதைப் பார்த்ததும், "இன்னும் கொஞ்சம் கூடவே தரேம்மா" என்றார். அத்தை கூரையை ஒரு தரம் பார்த்தாள். கடிகாரத்தை ஒரு தரம் பார்த்தாள். அந்தச் சமயத்தில் அது 'டங்' என்று ஒரே ஒரு தடவை அடித்தது.

"எட்டரை ஆச்சுங்க. காபி குடிச்சிட்டுக் கிளம்புங்க, பஸ் வர்ற நேரம்" என்றாள் அத்தை.

மழைக்காலத்துக்கு முன்னால் ஓடு மாற்ற வேண்டும். அதற்கு வேறு வழி பார்க்க வேண்டியதுதான்.