ரெண்டு ‘டி’யும் ஒரு இனிஷியலும்

என் பையன் அபர்டீனில் இருக்கிறான். அவசரமாக அட்லஸைத் தேட வேண்டாம். ஸ்காட்லாந்தின் வடகிழக்கில், கடலோரமாக, கோடையிலும் ஸ்வெட்டர் கேட்கிற ஊர். எம்.எஸ்ஸி. படிக்கப் போயிருக்கிறான். படிப்புக்கு பேங்க் லோன். ஸ்வெட்டருக்கு என் பி.எஃப்.

போவதற்கு முன் பாஸ்போர்ட் விண்ணப்பத்தில் ‘ஸர்நேம்’ என்று ஒரு கட்டம் வந்து வழிமறித்தது.

“அப்பா, நமக்கு ஸர்நேம் என்ன?”

“நமக்கு ஏதுடா? இனிஷியல்தான்.”

“இனிஷியலை விரிச்சு எழுதணுமாம்ப்பா.”

விரித்தோம். கட்டத்தில் என் பெயர் ஏறிக்கொண்டது. விளைவு, அபர்டீனில் எல்லா ஆபீஸிலும் அவன் ‘மிஸ்டர் ரவிச்சந்திரன்’. நான் சென்னையில் தயிர்சாதம் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது என் பெயர் அங்கே லைப்ரரியில் ஃபைன் கட்டிக்கொண்டிருக்கிறது.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை வீடியோ காலில் வந்தான். பக்கத்தில் செம்பட்டைத் தலையோடு ஒரு பையன்.

“அப்பா, இவன் என் லேப்ல இருக்கான். பேரு அர்பத்நாட்.”

நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். பேங்க் பரீட்சைக்கு மூன்று தடவை உட்கார்ந்து, மூன்று தடவையும் அப்படியே எழுந்து வந்தவன் நான். உருப்போட்டதெல்லாம் போய்விட்டது. ஒன்று மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. மெட்ராஸில் அர்பத்நாட் கம்பெனி விழுந்த தேதி.

“அர்பத்நாட்டா? 1906 அக்டோபர் 22, திங்கட்கிழமை! உங்க ஆளுங்கதானே எங்க ஊர்ப் பணத்தை முழுங்கினது?” என்று எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் கேட்டுவிட்டேன். தமாஷுக்குத்தான், ஸார்.

அந்தப் பையனின் காது வரை சிவந்துவிட்டது. “ஸாரி ஸார். என்கிட்ட பேங்க் எதுவும் இல்லை. ஸ்டூடண்ட் லோன்தான் இருக்கு” என்றான்.

கால் கட்டாகிவிட்டது. ராத்திரி பையனிடமிருந்து ஒரே ஒரு மெஸேஜ். ‘ஏம்ப்பா இப்படி?’

“பாவம், யாரோ பெத்த பிள்ளை. நூறு வருஷத்துக்கு முந்தின பாக்கியை அதுகிட்டப் போய் வசூல் பண்றீங்களே!” என்றாள் மனைவி, சப்பாத்தி தேய்த்துக்கொண்டே. இரண்டாவது சப்பாத்தி எனக்கு வரவில்லை.

குறுகுறுப்பு தாங்காமல் அந்தப் பெயரின் பூர்வோத்தரத்தைத் தேடிப் படிக்க ஆரம்பித்தேன்.

* * *

அர்பத்நாட் என்பது முதலில் ஆள் பெயரே அல்ல. ஊர்ப் பெயர். அபர்டீனுக்குத் தெற்கே கின்கார்டின்ஷயர் என்று ஒரு பகுதி. அங்கே பெர்வி என்ற சிற்றாற்றின் பக்கத்தில் ஒரு சின்ன கிராமம். பழைய பத்திரங்களில் ‘அபர்பாத்தநாத்’ என்கிற மாதிரி எழுதியிருக்கிறார்கள். ‘அபர்’ என்றால் ஆறு வந்து சேரும் இடம். அபர்டீனில் இருப்பதும் அதே அபர்தான். நம் பவானிக்காரர் ஒருவர் ‘கூடுதுறை’ என்று பெயர் வைத்துக்கொண்டால் எப்படியோ, அப்படி.

12-ம் நூற்றாண்டின் கடைசியில் ஹியூ என்றொருவர், தெற்கே ஸ்விண்டன் என்ற ஊரிலிருந்து வந்தவர், இந்த நிலத்துக்கு உடையவர் ஆனார். மனைவி வழியில் வந்த சொத்து என்கிறார்கள். அதாவது வீட்டோடு மாப்பிள்ளை! அப்புறம் அவர் வம்சத்தார் ஸ்விண்டனை விட்டுவிட்டு அர்பத்நாட் என்ற ஊர்ப் பெயரையே தங்கள் பெயராக்கிக்கொண்டார்கள். 800 வருஷம் ஆகிவிட்டது. அந்த எஸ்டேட் இன்னும் அதே குடும்பத்தின் கையில் இருக்கிறது. நம் வீட்டில் ரேஷன் கார்டே இரண்டு தலைமுறை தாண்டுவதில்லை.

இப்போது புரிகிறதா, இந்தப் பெயர் ஏன் அபூர்வம் என்று? ஸ்மித் என்றால் கொல்லர். ஊருக்கு ஊர் கொல்லர் உண்டு, ஆகவே ஊருக்கு ஊர் ஸ்மித். அர்பத்நாட்டுக்கு ஊற்றுக்கண் ஒரே ஒரு கிராமம்தான்.

எழுத்தில் ஒரு வேடிக்கை இருக்கிறது. ஊரின் பெயருக்குக் கடைசியில் இரண்டு ‘டி’. ஊரில் இருக்கும் தலைக்கட்டுக்கும் இரண்டு ‘டி’. 1641-ல் அவர்களுக்கு வைக்கவுண்ட் பட்டம் வந்தபோதும் இரண்டு ‘டி’தான். வெளியூர் போய்ப் பிழைத்தவர்களில் பலர் ஒரு ‘டி’யை எங்கோ தொலைத்துவிட்டார்கள். ஊரை விட்டு வந்த நம் ஆட்கள் பெயருக்கு முன்னாலிருந்த ஊர் இனிஷியலைத் தொலைத்தது போல.

சின்னக் குடும்பம்தான். ஆனால் லேசுப்பட்ட குடும்பம் இல்லை. 1420-ஐ ஒட்டி ஒரு கதை சொல்கிறார்கள். அந்த வட்டாரத்து ஷெரீஃப் ரொம்பக் கெடுபிடி. நிலக்கிழார்கள் ஓயாமல் புகார் சொல்ல, ‘அந்த ஆளைக் கொதிக்க வைத்து சூப் குடித்தால்தான் என்ன!’ என்று அலுத்துக்கொண்டாராம் ராஜா. நாலைந்து கிழார்கள் அதையே ஆர்டராக எடுத்துக்கொண்டு, ஷெரீஃபை வேட்டைக்கு அழைத்துப்போய், அண்டாவில் போட்டு, நிஜமாகவே ஆளுக்கு ஒரு கரண்டி குடித்தார்களாம். அதில் ஓர் அர்பத்நாட்டும் உண்டு. மேலதிகாரி சொல்வதை அப்படியே செய்யக்கூடாது என்று நான் ஆபீஸில் சொல்வதற்கு இதுதான் காரணம்.

அடுத்து வந்தவர்கள் சூப்பை விட்டுவிட்டுப் படிப்பில் இறங்கினார்கள். 1579-ல் ஸ்காட்லாந்தில் முதன்முதலாக பைபிள் முழுசாக அச்சாகி வந்தபோது அதை அச்சிட்டு முடித்தவர் ஓர் அலெக்ஸாண்டர் அர்பத்நாட். 1667-ல் பிறந்த ஜான் அர்பத்நாட், ஆன் மகாராணிக்கு வைத்தியர். இங்கிலாந்துக்காரனைக் கார்ட்டூனில் தொப்பையும் தொப்பியுமாக ‘ஜான் புல்’ என்று போடுகிறார்களே, அந்தப் பாத்திரத்தை 1712-ல் உண்டாக்கியவர் இவர்தான். இங்கிலாந்துக்காரனைக் கிண்டல் செய்ய ஒரு ஸ்காட்லாந்துக்காரன்! லண்டனில் 82 வருஷ ஞானஸ்நானக் கணக்கை எடுத்து, எல்லா வருஷமும் ஆண் குழந்தைகளே அதிகம் என்று கண்டு, காசு சுண்டினால் 82 தடவையும் தலையே விழுமா என்று கணக்குப் போட்டவரும் அவரே. புள்ளியியல் படித்தவர்கள் இன்றும் அந்தக் கணக்குக்கு வணக்கம் சொல்கிறார்கள்.

பிறகு உலகம் முழுக்கச் சிதறினார்கள். வட அயர்லாந்து, அமெரிக்கா, கனடா, ஆஸ்திரேலியா, நியூஸிலாந்து. போன இடத்திலெல்லாம் கொஞ்சம் பேர்தான், ஆனால் சும்மா இருந்ததில்லை. ஃப்ளோரிடாவில் செவ்விந்தியர்களோடு வியாபாரம் செய்து, அவர்களுக்காக மனு எழுதிக் கொடுத்த எழுபது வயசு அர்பத்நாட் ஒருவரை, 1818-ல் ஜெனரல் ஆண்ட்ரூ ஜாக்ஸன் தூக்கில் போட்டார். அதுவும் கிழவரின் சொந்தக் கப்பலிலேயே! 1916-ல் ஜட்லண்ட் கடற்போரில் ஓர் அட்மிரல் அர்பத்நாட், சுமார் 900 பேரோடு கப்பலுடன் மூழ்கினார். ஹாங்காங்கில் பழைய விக்டோரியா ஜெயிலை ஒட்டி இன்றும் அர்பத்நாட் ரோடு இருக்கிறது.

இந்தியாவுக்கு வந்தவர்களில் ஃபாஸ்டர் ஃபிட்ஸ்ஜெரால்ட் அர்பத்நாட் என்று ஒருவர். பம்பாய் மாகாணத்தில் கலெக்டர். 1883-ல் ரிச்சர்ட் பர்ட்டனோடு சேர்ந்து ‘காமசூத்ரா’வை இங்கிலீஷில் கொண்டுவந்த புண்ணியவான். நம்மில் பலர் பிளாட்பாரத்தில் அட்டை போட்டு வாங்கிய புத்தகத்துக்குப் பின்னால் ஒரு கலெக்டர் இருந்திருக்கிறார்! (வாங்காதவர்கள் மன்னிக்கவும். வாங்கியவர்கள் இந்தப் பக்கத்தைக் கிழித்துவிடவும்.)

மெட்ராஸுக்கு 1800-ஐ ஒட்டி வந்தவர் ஜார்ஜ் அர்பத்நாட். அவர் பெயரில் வளர்ந்த அர்பத்நாட் கம்பெனி நூறு வருஷம் கொடிகட்டிப் பறந்தது. 1872-ல் சில மாதங்கள் மெட்ராஸுக்கு ஆக்டிங் கவர்னராக இருந்தவரே ஓர் அர்பத்நாட்தான், ஸர் அலெக்ஸாண்டர். வெள்ளைக்காரர்களும் வக்கீல்களும் பென்ஷன்காரர்களும் விதவைகளும் சேமிப்பை அந்த கம்பெனியில் போட்டார்கள். பாஸ்புக்கைப் பார்த்துப் போடவில்லை, பெயரைப் பார்த்துப் போட்டார்கள்.

அந்தத் திங்கட்கிழமை காலை கதவு திறக்கவில்லை. ஆயிரக்கணக்கானவர்களின் பணம் போயிற்று. கம்பெனியின் தலைவர் ஸர் ஜார்ஜ் கஃப் அர்பத்நாட்டுக்கு 18 மாதக் கடுங்காவல். பணம் போனவர்களுக்காக வாதாடிய வக்கீல் வி.கிருஷ்ணசாமி ஐயர், இனி நமக்கென்று ஒரு வங்கி வேண்டும் என்று முன்னின்று ஆள் சேர்த்தார். அதுதான் இந்தியன் வங்கி. 1907 ஆகஸ்ட் 15-ல் வேலையைத் தொடங்கியது. அந்த நாள் அப்போது வெறும் வியாழக்கிழமை!

லண்டனில் அதே பெயர்க்காரர் ஒருவர் கூட்டுச் சேர்ந்து 1833-ல் தொடங்கிய இன்னொரு வங்கி இருக்கிறது, அர்பத்நாட் லாதம் என்று. அது வேறு கணக்கு, வேறு பெட்டி. இன்றும் நடக்கிறது. ஒரே பெயர். ஓர் ஊரில் கேட்டால் வயிற்றைப் பிசைந்தது. இன்னோர் ஊரில் கேட்டால் பணத்தைக் கொண்டுபோய்ப் போட்டார்கள்.

* * *

இதைப் படித்துக்கொண்டிருந்த ராத்திரியில்தான் அப்பா ஞாபகம் வந்தது.

அப்பா சங்கரலிங்கம். ஓர் ஆபீஸில் கிளார்க். நான் ப்ளஸ் டூ படித்த வருஷம், கூட வேலை பார்த்த ஒருவர் ஊழியர் சங்கத்தில் பெரிய கடன் வாங்கினார். அப்பா ஜாமீன் கையெழுத்துப் போட்டார். நாலாவது மாதம் அந்த மனுஷர் வேலையையும் விட்டு, ஊரையும் விட்டுப் போய்விட்டார். பிடித்தம் அப்பா சம்பளத்தில் விழ ஆரம்பித்தது. ஆறு வருஷம். கூட ஜாமீன் போட்ட இன்னொருவர் வக்கீல் வைத்து, அது தன் கையெழுத்தே இல்லை என்று சொல்லித் தப்பித்துக்கொண்டார். அப்பாவையும் அப்படிச் சொல்லச் சொன்னார்கள்.

எனக்கு இன்ஜினீயரிங் ஆசை. ஸீட்டுக்குக் கட்டப் பணமில்லை. பி.காம். சேர்ந்தேன். சேர்ந்த அன்று கத்தினேன். “நீங்களும் கையெழுத்து உங்களுது இல்லைன்னு சொல்ல வேண்டியதுதானே? ஓடினது அவன்தானே?”

அப்பா ரொம்ப நேரம் செருப்பின் வாரைச் சரிசெய்துகொண்டிருந்தார். பிறகு சொன்னார்.

“அவன் ஓடிட்டான்டா. கையெழுத்து ஓடலையே.”

இரண்டு வருஷம் அவரோடு சரியாகப் பேசவில்லை நான். அவரும் கடைசிவரை அதற்குமேல் விளக்கம் சொல்லவில்லை. சொல்லத் தெரியாது. அவருக்குக் கிராமமும் கிடையாது, எஸ்டேட்டும் கிடையாது. அவர் பெயர் என் பெயருக்கு முன்னால் ஒரே ஓர் எழுத்தாக நிற்கிறது. ‘எஸ்’. அவ்வளவுதான் அவர் ஆஸ்தி. அதில் பாக்கி எதுவும் வைக்காமல் என்னிடம் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். நான்தான் வீடியோ காலில் உட்கார்ந்துகொண்டு, யாரோ ஒருத்தர் வைத்த பாக்கியை இன்னொரு பிள்ளையின் கணக்கில் எழுதினேன்.

* * *

அடுத்த ஞாயிறு நானே கூப்பிட்டு அந்தப் பையனிடம் மன்னிப்புக் கேட்டேன். அவன் சிரித்துவிட்டான். அவன் பெயரில் ஒரே ‘டி’தானாம். “தாத்தாவுக்கு மீன்பிடி படகு ஸார். பேங்க் பக்கமே போக மாட்டார்” என்றான். கோபமில்லை என்று காட்டவோ என்னவோ, அதற்கடுத்த சனிக்கிழமை என் பையனை அர்பத்நாட் கிராமத்துக்கே அழைத்துப் போனான். போட்டோ வந்தது. 1242-ல் பிரதிஷ்டை செய்த சர்ச், ஈரமான புல், கல்லறைகள். ‘ஸன்ஸெட் ஸாங்’ நாவல் எழுதிய லூயிஸ் க்ராஸிக் கிப்பனின் அஸ்தியும் அங்கேதான் இருக்கிறது.

போட்டோவில் இரண்டு பையன்கள் நடுங்கிக்கொண்டு நின்றார்கள். கீழே என் பையன் எழுதியிருந்தான்: ‘அர்பத்நாட், அர்பத்நாட்டில். பக்கத்தில் ரவிச்சந்திரன்.’

என் பெயரும் அந்த ஊரைப் பார்த்துவிட்டது என்று மனைவியிடம் காட்டினேன். “ஸ்வெட்டர் போடலை பாருங்க” என்றாள்.

திங்கட்கிழமை ஆபீஸில் புதுசாகச் சேர்ந்த பையன் ஒருவன் தயங்கித் தயங்கி என் மேஜைக்கு வந்தான். தங்கை கல்யாணம். லோன் ஃபாரம். ஜாமீனுக்கு ஓர் ஆள் வேண்டும். ஆபீஸில் எல்லோரையும் கேட்டுவிட்டுக் கடைசியாக என்னிடம் வந்திருக்கிறான். முப்பது வருஷமாக நான் யாருக்கும் ஜாமீன் போட்டதில்லை என்பது பியூனுக்குக்கூடத் தெரியும்.

பேனாவை எடுத்தேன்.

“ஸார், முழுப் பேரா எழுதணுமாம், இனிஷியல் வேண்டாமாம்” என்றான்.

‘சங்கரலிங்கம் ரவிச்சந்திரன்’ என்று நிறுத்தி நிதானமாக எழுதினேன்.

பையன் நல்லவனாகத்தான் தெரிகிறான். இருந்தாலும் தினமும் காலையில் முதல் வேலையாக அவன் ஸீட்டை ஒரு தடவை எட்டிப் பார்த்துக்கொள்கிறேன்.