ஆயிரம் நோட்டீஸா, ஐந்நூறு அட்டையா?

எங்கள் சித்தி காகிதத்தில் கம்மல் செய்கிறார். ‘குவில்லிங்’ என்பார்களே, அதுதான். கலர் தாளை 3 மி.மீ., 5 மி.மீ. அகலத்துக்கு நாடாவாக வெட்டி, ஊசியில் சுற்றி, பசை வைத்து, ஜிமிக்கி மாதிரி குவித்து, மேலே வார்னிஷ் பூச வேண்டும். வெளியூர்க்காரர்கள் இதற்கான தாளைப் பாக்கெட்டாகக் காசு கொடுத்து வாங்குகிறார்கள். சிவகாசியில் அந்தக் கவலை இல்லை. அச்சகத்தில் கட்டிங் மெஷினுக்கு அடியில் விழும் ஓரத்துண்டுகளே போதும். ஆடிப்பெருக்கன்று புது வருடக் காலண்டர் ஆல்பங்கள் வெளியாகிவிட்டால், மார்கழி வரை இங்கே கலர் தாளுக்குப் பஞ்சமே கிடையாது :-)

செய்வது சுலபம். விற்பதுதான் பாடு.

சித்தி பட்டாசு ஆலையில் வேலை பார்த்தவர். 2018 அக்டோபர் 23 அன்று உச்ச நீதிமன்றம் பேரியம் உப்பு கலந்த பட்டாசுக்கும் சரவெடிக்கும் தடை போட்டது. அந்தத் தீபாவளி முடிந்ததும் ஆலைகள் மாதக்கணக்கில் மூடிக் கிடந்தன. வீட்டில் சும்மா இருந்த நாட்களில் கற்றுக்கொண்டதுதான் இந்தக் கம்மல். இன்னொரு காரணமும் உண்டு, யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் நடந்த வெடிவிபத்தில் 30-க்கும் மேற்பட்டவர்கள் செத்துப் போனார்கள். அதற்கப்புறம் சித்தி வர அரைமணி நேரம் தாமதமானாலும் பாட்டி வாசலை விட்டு உள்ளே வரமாட்டார்.

சரி, விளம்பரத்துக்கு வருவோம். கையில் இருந்தது 2000 ரூபாய். ஆயிரம் நோட்டீஸ் அடித்துப் பேப்பருக்குள் வைத்துக் கொடுக்கலாம் என்றார் சித்தி. எனக்கு உடன்பாடில்லை. ஆயிரத்தில் எத்தனை நோட்டீஸ் கம்மல் போடுகிற பெண்ணின் கைக்குப் போகும்? முக்கால்வாசி வடை எண்ணெய் பிழியத்தான் ஆகும். வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் இலவசம்தானே என்பீர்கள். அதையும் போடுகிறோம். ஆனால் பார்ப்பதெல்லாம் சொந்தக்காரர்கள், அவர்கள் ஓசியில் கேட்கிறார்கள்!

எனக்கு யோசனை கிடைத்தது எங்கள் ஊரிடமிருந்துதான். அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1922-ல் கல்கத்தா போய்த் தீப்பெட்டி செய்யக் கற்று வந்தது எல்லோருக்கும் தெரிந்த கதை. பெட்டிக்குள் இருப்பது எந்தக் கம்பெனியிலும் அதே குச்சி. வித்தியாசம் மேலே ஒட்டிய படத்தில்தான். எழுதப் படிக்கத் தெரியாதவரும் படத்தைச் சொல்லிக் கேட்டு வாங்கலாம். அந்த லேபிள் தேவைதான் அச்சுத் தொழிலை இங்கே வளர்த்தது. பட்டாசிலும் அப்படித்தான், ஸ்ரீ காளீஸ்வரி என்றால் யோசிப்பவர்கூட ‘சேவல் மார்க்’ என்றால் தலையாட்டுவார். காலண்டர் இன்னும் கெட்டிக்காரத்தனம். கோவில்பட்டி கொண்டைய ராஜு வரைந்த மாதிரியான சாமி படத்தை யார் கிழித்துப் போடுவார்கள்? படம் சுவரில் இருக்கும்வரை அதன் கீழே கடைப் பெயரும் பிழைத்துக்கொள்ளும்.

ஆக, கம்மலைக் குத்தி விற்கும் அட்டைக்கே காசைப் போடுவோம் என்றேன். முன்பக்கம் ஒரு சிட்டுக்குருவி படம். பின்பக்கம் போன் நம்பர், பொடி எழுத்தில் வருடக் காலண்டர். “படிச்ச புள்ள சொல்ற, பாப்போம்” என்றார் சித்தி. தெரிந்த அச்சகத்தில் வேறொருவர் வேலை ஓடும் தாளில் ஓரமாக மிச்சமிருந்த இடத்தில் எங்கள் அட்டையையும் சேர்த்து அடித்துக் கொடுத்தார்கள். ஐந்நூறு அட்டை போக மீதிப் பணத்தில் கொக்கியும் வார்னிஷும் வாங்கிவிட்டோம். (ஆடிக்கு முன்னால் போனதால் முடிந்தது. காலண்டர் சீசனில் போயிருந்தால் யாரும் திரும்பிக்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள்.)

ஃபேன்ஸி ஸ்டோரில் ‘விற்றால் காசு’ என்று வாங்கி வைத்தார்கள். ஆனால் அட்டையைக் கழற்றிவிட்டு அவர்கள் டப்பாவில் கொட்டிவிட்டார்கள். சித்தி அங்கே கொடுப்பதை நிறுத்திவிட்டார். எனக்கு அது சரியாகவே பட்டது. குருவி போய்விட்டால் அப்புறம் அது யார் கம்மலோ!

உருப்படியாக உதவியது மகளிர் திட்டத்தின் கல்லூரிச் சந்தை. சுயஉதவிக் குழுக்கள் கல்லூரிக்குள்ளேயே கடை போட்டு விற்கலாம். வாடிக்கையாளரே அங்கேதான் இருக்கிறார்கள். சித்தியின் குழுவுக்கும் ஒரு மேசை கிடைத்தது. முதல் தடவை சுமாரான விற்பனைதான். கைக்கண்ணாடி ஒன்று வைத்த பிறகு கொஞ்சம் கூடியது, காதில் வைத்துப் பார்த்தவர்கள் அநேகமாக வாங்கினார்கள். அடுத்த தடவை மூன்று பெண்கள் நேராக வந்து, “குருவிக் கம்மல் இருக்காக்கா?” என்று கேட்டார்கள். அதில் ஒருத்தி எங்களிடம் வாங்கியவளே இல்லை, தோழியின் போன் உறைக்குள் அட்டையைப் பார்த்தவள்.

இப்போது மாதம் நூறு ஜோடி போகிறது. ஆலைக் கூலிக்கு இன்னும் ஈடாகவில்லை. தீபாவளி கழிந்து ஆலை மறுபடி திறந்தால் சித்தியைக் கூப்பிடுவார்கள். போகிறாரா இல்லையா என்று பாட்டி தினமும் கேட்கிறார். சித்தி பதில் சொல்லாமல் நாடாவைச் சுற்றிக்கொண்டிருக்கிறார். அட்டையில் இன்னும் நாற்பதுதான் மீதி இருக்கிறது.