இறக்கையிலே ஓர் இருக்கை

உடப்புசல்லாவையிலிருந்து இராகலை நோக்கிப் பஸ்ஸிற் செல்வோர் சன்னலோரத்து இருக்கைக்கே போட்டியிடுவர். வளைவிலே வண்டி திரும்புகையில் வீதியின் விளிம்பு கண்ணுக்கு மறைந்துவிடும். கீழே தேயிலைச் சரிவும் மூடுபனியுமே தெரியும். அப்போது அடிவயிற்றில் எழும் கூச்சத்தை மலைநாட்டார் யாவரும் அறிவர். நானுஓயாவிலிருந்து 1904இல் இராகலை வரை வந்து, 1940களில் மறைந்துபோன இரண்டரை அடிப் பாதைச் சிறு புகைவண்டியும் இக்கூச்சத்தை அளித்தே இருக்கும்.

இதனையே விலைக்கு விற்கும் யந்திரம் ஒன்றை லண்டனுக்கு அண்மையிலுள்ள தோர்ப் பார்க் என்னும் கேளிக்கைப் பூங்காவிற் கண்டோம். 2012இல் திறக்கப்பட்ட ‘சுவார்ம்’ என்னும் ரோலர் கோஸ்டர் அது. சாதாரண ரோலர் கோஸ்டரில் இருக்கைகள் தண்டவாளத்தின் மேலே இருக்கும். இதிலோ, பறவையின் சிறகுகள்போல் இருபுறமும் இவ்விரண்டாக நீண்டிருக்கின்றன. தலைக்கு மேலும் ஒன்றுமில்லை; காலுக்குக் கீழும் ஒன்றுமில்லை. ஏறத்தாழ 39 மீற்றர் உயரத்தில் வண்டி மெல்லத் தலைகீழாகப் புரண்டு, பின்னர் விழுகின்றது. வேகமோ மணிக்குத் தொண்ணூற்றைந்து கிலோமீற்றர் அளவே. ஐரோப்பிய ரெயில்களிற் பல இதனை மிஞ்சும். ஆகவே இன்பத்தின் காரணம் வேகமன்று. எதிரே உடைந்த விமானத்தின் இறக்கை. மோதிவிட்டோம் என்று கண் தீர்மானித்த பின்னரே வண்டி சரிந்து தப்புகின்றது. நடுவே தண்டவாளம் தென்படாமையால், தப்பும் வழி முன்கூட்டிப் புலப்படுவதில்லை.

வெளியோரத்து இருக்கையே சிறந்ததென்பது எம் அபிப்பிராயம். வண்டிச் சக்கரத்தில் குடத்தை அண்டிய பகுதி மெல்லச் சுழல, விளிம்பு விரைந்தோடுமன்றோ? புரளும்போது ஓரத்திலிருப்பவர் அந்த விளிம்பாகின்றார்.

பறக்கும் வகை வேறு. இங்கிலாந்தின் ஆல்டன் டவர்ஸில் 2002இல் ‘ஏர்’ என்ற பெயருடன் அமைந்தது அவ்வகையிலொன்று. அமர்ந்தவுடன் இருக்கை சாய, பிரயாணி குப்புறத் தொங்குகின்றார்; கைகளை விரித்தால் நிலம் முகத்தின் கீழே வழுக்கிச் செல்லும். 2016இல் பெயரைக் ‘கலாக்டிகா’ என மாற்றி, விண்வெளிக் காட்சி காட்டும் கண்மூடியையும் அணிவித்தனர். பறவையின் கண்ணைக் கட்டியதை ஒத்த அவ்வேற்பாடு சில ஆண்டுகளிற் கைவிடப்பட்டது. நன்றே!

தோட்டத்தில் முப்பது ஆண்டுகள் கொழுந்து பறித்த எம் அக்காவும் சுவார்மைக் காண எம்முடன் வந்திருந்தார். மருமக்கள் எவ்வளவோ கெஞ்சியும் அவர் ஏறவில்லை. “காசு குடுத்தா வழுக்கப் போறே, தம்பி? மழை நாளில ஏழாம் நம்பர் மலைக்கு வந்தா சும்மாவே வழுக்கலாமே!” என்றார். அட்டைக்கடியும் முதுகிற் கூடையுமாக அச்சரிவில் நின்றவருக்கு, பிடியில்லாத காலடி விளையாட்டுப் பொருளன்று.

நாம் இறங்கி வந்தபோது அக்கா வண்டியைப் பாராமல், புறப்படுமுன் இருக்கை இருக்கையாகச் சென்று மார்புப் பூட்டை இழுத்துப் பார்க்கும் இளைஞனையே கவனித்துக்கொண்டிருந்தார். “ஒவ்வொரு தடவையும் பாக்குறான், தம்பி. ஒருத்தரையும் விடல்ல,” என்றார்.