அளந்து கோத்த கவசம்

அரபு மொழியில் கவசத்தை ‘திர்உ’ என்பர். அதன் இரும்பு வளையங்களை ஒன்றோடொன்று கோக்கும் தொழிலுக்கு ‘ஸர்த்’ என்று பெயர். தோலைத் துளைத்துத் தைப்பதையும், கதையை இடையறாது தொடர்ந்து சொல்வதையும் அதே சொல்லால் குறிப்பது அம்மொழியின் வழக்கம். நபி தாவூத் (அலை) அவர்களுக்கு இரும்பு மென்மையாக்கப்பட்டதையும், வளையங்களை அளவறிந்து கோக்குமாறு அவர்கள் பணிக்கப்பட்டதையும் திருக்குர்ஆனின் ‘ஸபா’ அத்தியாயம் கூறுகின்றது. அவர்கள் தம் கை உழைப்பிலிருந்தே உண்டு வாழ்ந்தார்கள் என்பது நபிமொழி. தமிழிலோ, மெய்யை மறைப்பதால் கவசத்தை ‘மெய்ம்மறை’ என்று பதிற்றுப்பத்து சுட்டும். இச்சொற்களை நாம் நெடுங்காலமாகப் பாடம் சொல்லி வருகின்றோம். ஆயினும் கவசம் ஒன்று உருவாவதைக் கண்ணாரக் காணும் வாய்ப்பு அண்மையில்தான் நமக்குக் கிட்டியது. அதுவும் இரும்பில் அன்று, நுரைப்பாயில்.

நாம் வாழ்வது ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்தில். இருங்காட்டுக்கோட்டையில் 1998இல் ஹூண்டாய் ஆலை கார் உற்பத்தியைத் தொடங்கியது. வண்டலூர்–வாலாஜாபாத் சாலையும் சிங்கப்பெருமாள் கோவில்–ஸ்ரீபெரும்புதூர் சாலையும் கூடும் ஒரகடத்தில் 2010இல் ரெனோ–நிசான் ஆலை எழுந்தது. ஏரியும் வயலுமாகக் கிடந்த நிலத்தில் இன்று விடியுமுன்னரே ஷிஃப்ட் பேருந்துகள் வரிசையிட்டு ஓடுகின்றன. 2006இல் உற்பத்தியைத் தொடங்கி, பல்லாயிரம் இளைஞருக்குச் சோறிட்டு, 2014இல் கதவடைத்த நோக்கியா ஆலையையும் இவ்வட்டாரத்தார் மறந்தாரில்லை. வேலை வரும், வேலை போகும் என்னும் அச்சம் இங்குள்ள பெற்றோர் நெஞ்சில் எப்போதும் உண்டு.

அத்தகைய தந்தை ஒருவர் நம்மிடம் வந்தார். தஞ்சைப் பக்கத்துத் தையற்காரர். ஆயத்த ஆடைகள் பெருகியபின் கடையை மூடிவிட்டு, மகனின் சம்பளத்தை நம்பி இங்குக் குடிவந்தவர். மகன் ஓர் ஆலையில் ஒப்பந்தத் தொழிலாளி. சிறுவயதில் நம்மிடம் ஓதியவன்.

“ஹஜ்ரத், சம்பளத்தில் பாயும் பசையும் வாங்கி வந்து இரவெல்லாம் வெட்டிக்கொண்டிருக்கின்றான். கேட்டால் கவசம் என்கின்றான். தங்கைக்கு நிக்காஹ் பேச வேண்டிய நேரம். நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் கேட்பான்” என்றார்.

சொல்லுமுன் பார்த்துவிடுவோம் என்று ஒரு வெள்ளிக்கிழமை அஸருக்குப்பின் அவர்கள் வீட்டிற்குச் சென்றோம்.

மொட்டைமாடிக் கொட்டகையில் பையன் வேலையாக இருந்தான். அவன் வெட்டிக்கொண்டிருந்தது எத்திலீன் வினைல் அசிட்டேட் என்னும் பொருள், சுருக்கமாக ஈ.வி.ஏ. என்பர். செருப்பின் அடிப்பாகத்திலும், குழந்தைகள் விளையாடும் விரிப்பிலும் நாம் நாள்தோறும் காண்பதுதான். முதலில் தன் மார்பைச் சுற்றி மெல்லிய பிளாஸ்டிக் தாளைப் போர்த்தி, அதன்மேல் காகித நாடாவை ஒட்டி, கவசத்தின் கோடுகளை அதன்மீதே வரைகின்றான். அக்கோடுகள் வழியே வெட்டியெடுத்துப் பரப்பினால், வளைந்த உடல் தட்டையான துண்டுகளாகி விடுகின்றது. ஒரு பக்கத்திற்கு மட்டும் அளவெடுத்தால் போதும். மறுபக்கத்திற்கு அதையே திருப்பிப் போட்டு வரையலாம்.

கத்தி மழுங்கினால் நுரை பிய்ந்துவிடும். ஆதலால் அலகை அடிக்கடி தீட்டுகின்றான். நேராக வெட்டிய விளிம்புகளைச் சேர்த்தால் பரப்பு சமமாக நிற்கும். சாய்த்து வெட்டிச் சேர்த்தால் மூலை மடியும். பின்னர் ஹீட் கன் எனும் வெப்பக்காற்றுக் கருவியைத் துண்டின்மேல் ஓட்டுகின்றான். மேற்பரப்பின் நுண்துளைகள் மூடி மெல்லிய பளபளப்பு ஏறுகின்றது. சூடு ஆறுமுன் வளைத்துப் பிடித்தால் அவ்வளைவு அப்படியே நின்றுவிடுகின்றது. இரும்புக்கு உலைக்களம் செய்த வேலையை நுரைக்குச் சூடான காற்றே செய்கின்றது! செருப்புத் தைப்போர் பயன்படுத்துவது போன்ற ரப்பர் பசையை இரு விளிம்பிலும் தடவி, விரலில் ஒட்டாத அளவு காயவிட்டு, அதன்பின் அழுத்துகின்றான். அவசரப்பட்டால் பிடிக்காது, தவறாக ஒட்டினாலோ பிரிப்பது கடினம். இறுதியில், வளையும்போது வெடிக்காத அடிப்பூச்சு; அதன்மேல் வெள்ளி வண்ணம்; பள்ளங்களில் கருமை தடவித் துடைத்துவிட்டால், பல போர் கண்ட உலோகம்போல் ஆகிவிடுகின்றது. வளையக் கவசச் சட்டை ஒன்றின் எடை 10 கிலோ அளவில் இருக்கும். இவனது மார்புக்கவசம் ஒரு கிலோகூடத் தேறாது.

எதற்காக இது? சித்திரக்கதை, திரைப்படம் ஆகியவற்றின் மாந்தரைப்போல் வேடம் புனைந்து கூடுவதற்கு ‘காஸ்பிளே’ என்று பெயர். 1980களில் ஜப்பானில் உருவான சொல் அது. இந்தியாவில் ‘காமிக் கான்’ என்னும் சித்திரக்கதை விழா 2011இல் தில்லியில் தொடங்கி, 2024 பிப்ரவரியில் முதன்முறையாகச் சென்னைக்கு வந்து நந்தம்பாக்கம் வர்த்தக மையத்தில் நடைபெற்றது. அடுத்து வரும் அத்தகைய விழாவிற்கே பையன் ஆயத்தமாகின்றான்.

தந்தையின் முதற்கேள்வி, “இது கூடுமா?” என்பது. பிறரை ஏமாற்றப் புனையும் வேடம் கூடாது. இதுவோ காண்பவர் யாவரும் வேடமென அறிந்தே காண்பது என்றோம். இரண்டாவது கேள்வி, “இதில் சோறு உண்டா?” என்பது. அதற்கு நாம் வாக்குறுதி எதுவும் அளிக்கவில்லை. ஆயினும் நம் மாவட்டத்துச் செய்தி ஒன்றை எடுத்துரைத்தோம். காஞ்சிபுரத்தை ஒட்டிய ஊர்களில் இரவு முழுவதும் ஆடப்படும் கட்டைக்கூத்துக்கு அப்பெயரைத் தந்தவை, கலைஞர் அணியும் கட்டைகளே. கிரீடம், புஜக்கட்டை, மார்புக்கட்டை ஆகியவற்றை இலேசான மரத்தில் செதுக்கி, கண்ணாடித் துண்டு பதித்து, வண்ணம் தீட்டுவர். பாரமாகத் தோன்ற வேண்டும். விடியுமட்டும் ஆடுபவனுக்குப் பாரமாக இருத்தல் கூடாது. 1990இல் அமைந்த கட்டைக்கூத்துச் சங்கமும், 2002 முதல் 2020 வரை புஞ்சரசந்தாங்கலில் அது நடத்திய குருகுலமும் அக்கலையைப் பிள்ளைகளுக்குக் கற்பித்தன. நுரை புதிது, அதன் பின்னுள்ள அறிவு இம்மண்ணுக்குப் புதிதன்று.

ஆலையில் பையனின் பணி என்னவென்று கேட்டோம். நகர்ந்து வரும் வண்டியில் ஒரே இடத்தில் ஒரே பாகத்தைப் பொருத்துவதாம், நாளெல்லாம் அதுவேயாம். “இங்கேதான் ஹஜ்ரத், தொடக்கமும் முடிவும் என் கையில் இருக்கின்றன” என்றான். நாம் மறுமொழி கூறுமுன் அவன் கவசத்தை அணிந்து காட்டினான். கையை உயர்த்தியபோது மார்புப்பகுதி மேலேறிக் கழுத்தில் இடித்தது. இரண்டு முறை வெட்டியும் சரிவரவில்லை என்று வருந்தினான்.

அதுவரை சுவரோரம் நின்ற தந்தை அருகில் வந்தார். கவசத்தைத் தடவிப் பார்த்தார். “கைக்குழியை இவ்வளவு ஏற்றிவைத்தால் எப்படியடா கை தூக்க முடியும்? முன்பக்கம் இன்னும் அரை அங்குலம் இறக்கு” என்று சொல்லிவிட்டு, கீழே சென்று தமது பழைய டேப்பையும் சாக்குக்கட்டியையும் எடுத்து வந்தார். மகன் கையை அகல விரித்து நின்றான். தந்தை குறித்த கோட்டில் கத்தி இறங்கியது. மக்ரிபு பாங்கு ஒலிக்கும் வரை இருவரும் வேறொன்றும் பேசவில்லை. கடையை மூடியபின் அவர் டேப்பைக் கையில் எடுத்தது அன்றுதான் என்று பின்னர் பையனின் தாய் கூறினார்.

தொழுகை முடிந்தபின் பையனிடம் மூன்று சொன்னோம். தங்கையின் நிக்காஹுக்குரிய பங்கை முதலில் எடுத்து வைத்துவிட்டு மிஞ்சியதில் செலவிடு. பசையின் நெடியும் நுரைத்தூசும் நெஞ்சுக்கு ஆகாதவை, முகத்தை மூடிக் காற்றோட்டத்தில் வேலை செய். இரவுப்பணிக்காக ஃபஜ்ரை இழவாதே. மூன்றுக்கும் தலையசைத்தான். தந்தைக்கு நாம் சொல்ல வேண்டியதை அந்த அரை அங்குலமே சொல்லிவிட்டது.

நம் குடும்பங்களில் தறியும் தையலும் தோல் வேலையும் அறிந்த கைகள் பல இன்று சும்மா இருக்கின்றன. பிள்ளைகளோ பெயர் தெரியாத புதுத் தொழில்களில் இறங்குகின்றனர். அவர்கள் செய்வது நமக்கு விளங்காதபோது, வீண் என்று விலக்குமுன், ஒருமுறை அருகில் அமர்ந்து அதன் அளவைப் பார்த்தல் நன்று. நாம் அறிந்த ஏதேனும் ஒன்று அவர்களுக்கு அங்கே தேவைப்படலாம். அளவறிந்து செய்யும் கைகளை அல்லாஹ் நம் பிள்ளைகளுக்கு அருள்வானாக!